சீட்டுக் குலுக்கிய கம்ப்யூட்டர்

மத்தியானம் மூன்று மணி. ஆமாம், மத்தியானம்தான். பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் டூட்டிக்கு வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் ஜீவனஹள்ளிப் பக்கம் போய்ப் பாருங்கள். பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு ஏரியாவே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். ரயில் பாதையை ஒட்டி ஒரு ரோடு. ஒரு பக்கம் இரும்பு வேலி, மறுபக்கம் ஷட்டர் இறக்கிய கடைகள். அந்த ரோட்டில் ஓர் ஆள் தனியாக நடந்து வருகிறான்.

மமதா, அந்த ஜன்னலைச் சாத்து. கரண்ட் வரும்போது வரட்டும். கிருத்திகா, செல்போன் லைட்டை என் மூஞ்சியில் அடிக்காதே, எனக்குக் கதை சொல்ல வராது.

என் டீமில் உஷா இருக்கிறாளே, அவளுடைய பெரியம்மா மகன்தான் அந்த ஆள். பெயர் ஞானசேகரன், வீட்டில் சேகர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நம் எலெக்ட்ரானிக் சிட்டியிலேயே பெரிய சாஃப்ட்வேர் வேலை. தோளில் காலிப் பை தொங்குகிறது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அந்தப் பைக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதை ஜீவனஹள்ளியில் ஒரு பழைய சாமான் கடையில் தள்ளிவிட்டு, தொல்லை விட்டது என்று ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான்.

பின்னால்... டிட். டிட். டிட்.

ஏதோ வண்டி ரிவர்ஸ் எடுக்கிறது என்று நினைத்தான். திரும்பினால் வண்டி இல்லை. நடந்தான். மறுபடியும் டிட், டிட், டிட்... கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அதே தூரத்தில். அது அந்தக் கம்ப்யூட்டர் மாத்திரை நேரத்துக்குப் போடும் சத்தம். அந்தக் கம்ப்யூட்டரோ கடையில், வயரெல்லாம் பிடுங்கி, ஓட்டை டேபிள் ஃபேன்களோடு கிடக்கிறது.

அப்புறம் வேலிப் பக்கம் இன்னொரு சத்தம். டங்... டங்... மோதிரம் போட்ட விரலால் இரும்புக் கம்பியைத் தட்டும் சத்தம். அவன் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் கூடவே வந்தது. வெட்டவெளி ரோட்டில் டெட்டால் வாசனை. அதற்கு அடியில் தைலத்தின் காரம்...

தட்டுவது யார் என்று அவனுக்குத் தெரியும். பயம் அப்புறம்தான் வந்ததாம். முதலில் வந்தது வெட்கம். நடுரோட்டில் தன்னை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு, செய்த காரியத்தை எல்லோருக்கும் சொல்லப்போகிற மாதிரி ஒரு கூச்சம். ரோட்டில் ஒருவரும் இல்லை, இருந்தும் தலையைக் குனிந்துகொண்டுதான் நடந்தான்.

அவன் செய்த காரியத்தைச் சொல்கிறேன். அப்புறம் அவன் மேல் பரிதாபப்படுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அந்த வீட்டில் மூன்றே பேர். அப்பா அப்பாதுரை, அக்கா சாந்தகுமாரி, வீட்டில் சாந்தி, அப்புறம் இவன். அம்மா எப்போதோ போய்விட்டாள். அக்காவுக்கும் கல்யாணம் ஆகவில்லை, தம்பிக்கும் ஆகவில்லை. அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் வேலை செய்யும். வாடகைக்கு ஓர் இரும்புக் கட்டில் எடுத்துப் போட்டிருந்தார்கள். ஏதாவது வேண்டுமென்றால் இடது கை மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டுவார். பகலில் ஒரு நர்ஸம்மா வந்து பார்த்துக்கொள்வார். ராத்திரிதான் கஷ்டம். படுக்கைப் புண் வராமல் இருக்க அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தொண்டையில் சளி கட்டினால் தலையைத் தூக்கிப் பிடித்துத் துடைத்து எடுக்க வேண்டும். கூட ஒருவர் விழித்திருந்தே ஆக வேண்டும்.

இந்த நேரத்தில்தான் சேகருக்குப் பரணில் அந்தக் கம்ப்யூட்டர் கிடைத்தது. இவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பாவின் நண்பர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்து கொடுத்தது. கீபோர்டு மட்டும்தான், கம்ப்யூட்டரே அதற்குள்தான் இருக்கும். பழைய டிவியில் சொருக வேண்டும். புரோகிராமைப் பாட்டுக் கேசட்டில் பதிந்து வைக்க வேண்டும். டேப்ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டால் காதைக் கிழிக்கிற மாதிரி கீ... என்று கத்தும், கத்தி முடித்தால் புரோகிராம் ஏறியிருக்கும். சேகர் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் கெப்பாசிட்டர் வாங்கி வந்து, சால்டரிங் வைத்து, அதற்கு உயிர் கொடுத்தான். ஷோகேஸில் வைத்து அழகு பார்ப்பவன் இல்லையாம் இவன். தினசரி வீட்டு வேலைக்கு இதுவே போதும் என்று காட்டப் போகிறானாம். டைனிங் டேபிள் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் டிவி, அதன் முன்னால் கம்ப்யூட்டர். பால் பாக்கெட் கணக்கு அதில். கேஸ் புக் செய்த தேதி அதில். அப்பாவின் மாத்திரை நேரமும் அதில்தான், நேரம் வந்தால் டிட் டிட் என்று கத்தும். வீடியோ எடுத்துப் போட்டான். எங்கெங்கோ இருப்பவர்கள் ஆஹா ஓஹோ என்றார்கள். பால் பாக்கெட் எண்ண ஒரு மெஷினா என்று அக்கா சிரித்தாள். ஆனால் மாத்திரை தவறாமல் போனதில் அவளுக்கும் சந்தோஷம்தான்.

அடுத்து ராத்திரி முறையையும் அதிலேயே ஏற்றினான்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளுக்குள் எந்தத் தகராறு வந்தாலும் அப்பாதுரை சீட்டுக் குலுக்கிப் போடுவார். யார் கடைக்குப் போவது, யாருக்குப் புதுக் குடை... எல்லாவற்றுக்கும். சின்னதாக ஒரு ஜெபம், பிறகு சீட்டு. விழுந்தால் விழுந்ததுதான். அது கர்த்தர் எடுத்துக் கொடுத்தது, அதற்கு மேல் பேச்சு கிடையாது. அதனால் இன்று ராத்திரி யார் என்று கம்ப்யூட்டர் சீட்டுப் போடட்டும் என்று சேகர் சொன்னபோது, அக்கா மறுக்கவில்லை. பகலெல்லாம் ஓடிய மெஷினைச் சாயங்காலம் அணைத்து ஆற விடுவான். சாப்பாட்டுக்கு அப்புறம் மறுபடி போட்டு, கேசட்டை ஓடவிட்டு, அக்காவைக் கூப்பிடுவான். அவள் கண்ணை மூடி, 'உம்முடைய சித்தம் ஆண்டவரே' என்று சொல்லி, தன் விரலாலேயே பட்டனை அமுக்குவாள். டிவி முழுக்கப் பெரிய எழுத்தில் ஒரு பெயர் வரும்.

இப்போது கவனியுங்கள். இந்தப் பழைய மெஷின்களுக்கு ஒரு குணம் உண்டு. அணைத்துவிட்டுப் போட்டால், அது குலுக்கி எடுக்கும் எண்கள் முதலிலிருந்து அதே வரிசையில்தான் வரும். அதைச் சரிசெய்ய ஒரே ஒரு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். முதல் வாரத்திலேயே சேகர் கண்டுபிடித்துவிட்டான். போட்டவுடன் வரும் முதல் பெயர் எப்போதும் சாந்தி. இரண்டாவதுதான் சேகர்.

அந்த ஒரு வரியை அவன் எழுதவில்லை.

நாளைக்கு எழுதலாம் என்றுதான் இருந்தானாம். அன்றைக்கு ஆபீஸ் வேலை அதிகம். மறுநாளும் அதிகம். அக்காவுக்குச் சந்தேகம் வரக்கூடாதே என்று சனிக்கிழமைகளில் மட்டும், அவளைக் கூப்பிடுவதற்கு முன்னால் தானே ஒரு தடவை பட்டனை அமுக்கி வைப்பான். அப்போது அவள் அமுக்கும்போது சேகர் என்று வரும். அவளுக்கு அவ்வளவு நன்றி. தம்பிக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போவாள். அந்தக் காபியை அவன் குடித்தான். உஷா இதைச் சொன்னபோது எனக்கே உடம்பு கூசிப்போனது.

மழைக்காலம் வந்தது. அக்காவுக்கு நல்ல காய்ச்சல். ஒரு நாள் ராத்திரி டேபிளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். ஜெபம் சொல்லும்போதே குரல் நடுங்கியது. பட்டனை அமுக்கினாள். சாந்தி. இன்றைக்கு ஒரு நாள் நீ பார்த்துக்கொள் என்று அவள் கேட்கவில்லை, சீட்டு விழுந்துவிட்டதே. இவனும் வாயைத் திறக்கவில்லை.

மாடியில் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நடுவில் ஒரு தடவை கழற்றினான். கீழேயிருந்து... டங். டங். டங். கொஞ்சம் வேகமாகவே. அக்கா இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள் என்று ஹெட்ஃபோனை மறுபடி மாட்டிக்கொண்டான்.

காலையில் அப்பாதுரை செத்துக் கிடந்தார். தொண்டையில் சளி. கை கம்பியைப் பிடித்தபடி இருந்தது. பக்கத்து நாற்காலியில் அக்கா காய்ச்சல் தூக்கத்தில். மோதிரத்தைக் கழற்ற முடியாமல் அதோடுதான் புதைத்தார்கள்.

வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அவள் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னாள். "என் முறை. நான் தூங்கிட்டேன்." பாஸ்டரிடம் சொன்னாள், நர்ஸம்மாவிடம் சொன்னாள், கல்லறையில் குழி வெட்டியவரிடமும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சேகர் பக்கத்தில்தான் நின்றான். அதற்கு அப்புறம் சர்ச்சில் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து போகும்போது அவள் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாள். தான் அதற்குத் தகுதி இல்லாதவள் என்று நினைப்பு. நம்மைப் போல வெளியூர்க்காரர்களுக்கு அந்த அவமானம் தெரியாது, ஆனால் நாலு தலைமுறையாக அதே சர்ச்சுக்குப் போகும் குடும்பங்களில் அத்தனை கண்ணும் அந்தப் பெஞ்சைத்தான் பார்க்கும். சேகர் எழுந்து போய், மண்டியிட்டு, கையை நீட்டி வாங்கிக்கொண்டு வந்தான்.

கட்டிலைத் திருப்பி அனுப்பினார்கள். அறையைக் கழுவிவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து, பால் கணக்காவது போடலாம் என்று சேகர் மெஷினைப் போட்டான். பால் கணக்குக் கேசட்டைத்தான் ஓடவிட்டான். கத்தி முடித்தது. டிவி முழுக்க...

சேகர்.

கேசட் மாறிவிட்டது என்று நினைத்தான். மாறவில்லை. அணைத்துப் போட்டான். சேகர். சீட்டுப் புரோகிராமை அழித்தான். சேகர். கேசட்டே இல்லாமல் வெறுமனே போட்டான்... சேகர். எத்தனையோ பேருடைய புரோகிராமில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன், உட்கார்ந்து வேர்த்தான்.

ராத்திரியில் சத்தமும் ஆரம்பித்தது. டங்... டங்... காலி அறையிலிருந்து. அங்கே இரும்பு என்று ஒரு துண்டு கூடக் கிடையாது. இவன் மாடியில் போர்வையை இழுத்து மூடிக்கொள்வான். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிடும். தானாக நிற்கிறதே என்று அவனுக்கு ஓர் ஆறுதல். கடைசியில் எல்லாம் இந்த மெஷினால்தான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அப்புறம்தான் நான் சொன்ன அந்த ரோடு.

வீட்டு கேட் வரை தட்டிக்கொண்டே வந்த சத்தம், கேட்டைத் திறந்ததும் நின்றது. வெளியே நின்றது... வீட்டுக்குள்ளிருந்து கேட்டது. டங். டங். உடனே அக்காவின் குரல், "வந்துட்டேம்பா, வந்துட்டேன்."

அப்பாவின் அறை வாசலில் போய் நின்றான். நல்ல வெயில், அறை முழுக்க வெளிச்சம். அக்கா வெறுந்தரையின் மேல் குனிந்து நின்றிருந்தாள். கட்டில் இருந்த இடம், கட்டிலின் அதே உயரம். இரண்டு கையும் எதற்கோ அடியில் போயிருந்தன. சேலையை இழுத்துச் சொருகியிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்து, ஆள் பாதியாகியிருந்தாள். வீட்டிலேயே இருந்துகொண்டு அதை அவன் அன்றைக்குத்தான் பார்த்தான்.

"பகல்லயும் தட்ட ஆரம்பிச்சிட்டாருடா," என்றாள். குரலில் பயம் இல்லை. தினமும் செய்யும் வேலையில் அலுத்துப்போன குரல். "அன்னைக்கு என் முறையில நான் தூங்கிட்டேன்ல. அதான் விடமாட்டேங்கறாரு."

சத்தம் தானாக நிற்கவில்லை. இத்தனை ராத்திரியும் இவள் எழுந்து போயிருக்கிறாள். உயிரோடு இருந்தபோது அவள் தலையில் கட்டிய ராத்திரிகளையே, செத்த பிறகும் அவள் தலையில் கட்டிவிட்டு இவன் போர்வைக்குள் படுத்திருக்கிறான். சேகர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டான். அது சீட்டே இல்லை அக்கா என்றான். முதல் பெயர், இரண்டாவது பெயர், சனிக்கிழமை, எழுதாமல் விட்ட ஒரு வரி... எல்லாவற்றையும் சொன்னான். அவள் குனிந்தபடியே கேட்டாள். முகத்தைத் திருப்பவில்லை.

அவன் முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னைக்கு ராத்திரி அவர் தட்டுனது உனக்குக் கேட்டுச்சா?"

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். மாடி, மழை, ஹெட்ஃபோன்... யார் வேண்டுமானாலும் நம்பியிருப்பார்கள்.

"கேட்டுச்சு," என்றான்.

அவள் கைகளை மெதுவாக உருவிக்கொண்டாள். நிமிர்ந்தாள். பாத்ரூமுக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், முழங்கை வரைக்கும். தன் அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். மறுநாள் மத்தியானம் வரை தூங்கினாள். திட்டவில்லை, அழவில்லை. அடுத்த ஞாயிறு சர்ச்சில் எழுந்து போய்த் திருவிருந்து வாங்கினாள். சேகர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

அதற்கு அப்புறம் அவன் ஆபீஸுக்கும் சரியாகப் போகவில்லை. என்னதான் ஆச்சு என்று உஷா ஒரு நாள் அந்த வீட்டுக்குப் போனாள். அதுவும் சாப்பாட்டு நேரம், நல்ல பகல். கதவைத் திறந்தது அக்காதான். முகம் தெளிந்து, கொஞ்சம் சதை கூடப் போட்டிருந்தது. நடந்தது மொத்தத்தையும் ஊர்ச் சமாசாரம் மாதிரி உஷாவிடம் சொன்னாள். பிறகு, "அவன் உள்ளாற இருக்கான், போய்ப் பாரு," என்று அந்த அறையைக் காட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். தான் அந்தப் பக்கம் வரவில்லை.

காலி அறை. ஒரு ஸ்டூல், ஒரு கிண்ணத்தில் வெந்நீர், துண்டு, பவுடர் டப்பா. ஸ்டூலில் சேகர். தாடியும் அவனும்... உஷாவுக்கே அடையாளம் தெரியவில்லை. ஆனால் பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆபீஸ் எப்படி, கேப் டைமிங் மாறிவிட்டதா என்றெல்லாம் விசாரித்தான். பாவம், கொஞ்சம் மனசு சரியில்லை, டாக்டரிடம் காட்டினால் சரியாகிவிடும் என்று உஷா நினைத்துக்கொண்டாள்.

பேசிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினான். உஷாவுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவன் எழுந்து போய், வெறும் தரைக்கு மேலே குனிந்து, இரண்டு கையையும் அடியில் கொடுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. தூக்க முடியவில்லை. உதவி கேட்கவே வெட்கப்படுகிறவன் மாதிரி அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"உஷா... பெரியப்பாவை அந்தத் தோள் பக்கம் கொஞ்சம் புடிச்சுக்கறியா? எனக்கு ஒத்தையா முடியல."

மறுத்தால் அவன் மனசு நோகுமே என்றுதான் அவள் போனாள். எதிரே நின்று, சும்மா காற்றில் இரண்டு கையையும் நீட்டினாள்.

கை கீழே இறங்கியது. அவ்வளவு கனம். வேர்த்து, சூடாக.